தட்டிக்கு அந்தப் பக்கம்

என் மகள் வீட்டில் கதைப்பதை நிறுத்தியபோது அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் கதைத்தாள். சிநேகிதிகளோடு சிரித்துக்கொண்டு வருவது ஒழுங்கை முனையிலேயே கேட்கும். படலையைத் திறந்து உள்ளே வந்தால் வாய் மூடிவிடும். முதலில் கோபம் என்று நினைத்தோம். பிறகு தொண்டையில் ஏதோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே அவள் தெளிவாக, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை டொக்டர்" என்றாள். டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த நுளம்புப் படத்தைப் பார்த்தேன். மனைவி தன் செருப்பைப் பார்த்தாள்.

அவர் எதைக் கண்டுகொண்டார் என்று எனக்குத் தெரியும். நானும் மனைவியும் நேருக்கு நேர் கதைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சாம்பல்தீவில் என் தாயின் செத்தவீட்டுக்கு பிரேதம் எடுத்த பிறகுதான் அவள் வந்து சேர்ந்தாள். தனக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லி அனுப்பவில்லை என்றாள். மாமியின் செத்தவீட்டுக்கும் அழைப்பு வேண்டுமா என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. மற்றபடி வீடு நடந்தது. அவள் சமைத்தாள், நான் சாப்பிட்டேன். கோயிலுக்கு ஒரே பஸ்ஸில் போனோம். சொல்ல வேண்டியதையெல்லாம் மகளிடம் சொன்னோம்.

"அப்பாவிட்டச் சொல்லு, மண்ணெண்ணெய் முடிஞ்சுதெண்டு."

"அம்மாவிட்டச் சொல்லு, நாளைக்குக் கப்பல் வருது, நான் வர நேரம் செல்லும் எண்டு."

மூவரும் ஒரே அறையில்தான் இருப்போம். மகள் ஒரு பக்கம் திரும்பிக் கேட்பாள், மறுபக்கம் திரும்பிச் சொல்வாள். அது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. எங்கள் ஒழுங்கையிலேயே அப்படிக் குடும்பம் நடத்திய வேறு வீடும் உண்டு. அதனால் அதை ஒரு நோய் என்று நாங்கள் நினைத்ததில்லை.

அவள் வாயை மூடியதும் வீடு நின்றுபோனது. நான் பத்திரிகையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். மனைவி தையல் மெசினைப் பார்த்துச் சொன்னாள். அவள் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக் கொடுப்பவள். கோபம் வந்தால் மெசின் ஓடும் வேகத்தில் தெரியும். ஒருநாள் மெசினை நிறுத்திவிட்டு அதனிடமே சொன்னாள்:

"குடும்ப ஆலோசனை எண்டு ஒண்டு தொடங்கியிருக்கினமாம். சனிக்கிழமையில. சட்டை தைக்க வந்த மருத்துவிச்சி சொன்னவ."

நான் பத்திரிகையிடம் சொன்னேன்: "போய்ப் பாத்தால் என்ன."

மட்டக்களப்புப் பக்கம் புயல் அடித்ததற்கு அடுத்த வருடம் அது. வெளியிலிருந்து பலவிதமான ஆட்கள் பலவிதமான உதவிகளோடு வந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இந்தக் குடும்ப ஆலோசனையைப் படித்துவிட்டுக் கொழும்பில் இருந்தவர். மாதத்தில் பல நாட்கள் திருகோணமலையில் தங்கி, ஊரிலுள்ள ஆசிரியர்கள், தாதிமார், மருத்துவிச்சிகள் என்று ஒரு சிறு கூட்டத்தைப் பழக்கினார். எல்லாரும் அவரை டொக்டர் என்றார்கள். மருந்து எழுதும் டொக்டர் அல்ல. "ஊசி போடாத டொக்டர்" என்று என் மனைவி மெசினிடம் சொன்னாள்.

உள்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்டபம். அதன் பின்பக்கத்து அறை எங்களுக்குத் தரப்பட்டது. நாலு கதிரைகள், ஒரு சின்ன மேசை, கடற்கரைப் பக்கம் ஒரு யன்னல். ஒரு பக்கம் சுவர் இல்லை. கூரைக்குக் கொஞ்சம் கீழே வரை பிரம்பால் பின்னிய தட்டி அடித்திருந்தார்கள்.

எங்களுக்கு வாய்த்தவள் ஒரு இளம் பெண். வெருகல் பக்கம் சொந்த ஊர். பட்டணத்தில் ஒரு வீட்டில் தங்கிப் படிப்பித்துக்கொண்டிருந்தவள். முதல் நாளே, "நான் இன்னும் படிக்கிறனான் ஐயா. பிழை விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கோ. கிழமைக்கு ஒருக்கா டொக்டர் என்னை இருத்திவைச்சு, என்ன செய்தனி எண்டு விசாரிப்பார்" என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. துறைமுகத்திலும் புதிதாக வருகிறவனைத் தனியாக விடுவதில்லை. நான் அங்கே தேயிலைப் பெட்டிகள் கப்பலுக்குக் கொண்டுபோகும் வத்தையில் ஏறுவதைச் சரிபார்க்கும் எழுதுவினைஞன். எனக்கும் தொடக்கத்தில் ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்றவர்தான்.

கதிரையில் உட்கார்ந்ததும் நான் தட்டியைக் காட்டிக் கேட்டேன்.

"அங்கால ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை ஐயா. பழைய கதிரையள் கிடக்கு."

என் மகள் அப்போது தட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது மனைவி முன்னால் போய்விட்டாள். நானும் மகளும் கடலோரமாக நடந்தோம். வழக்கம்போல அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்:

"பிள்ளை, உனக்கு என்ன மனசில கிடந்தாலும் அங்க சொல்லலாம். அந்த அறையை விட்டு ஒரு சொல்லும் வெளியில போகாது. அப்பா பொறுப்பு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். நான் அவ்வளவு நிச்சயமாக அவளிடம் ஒன்றைச் சொல்லி நெடுநாள் ஆகியிருந்தது.

வேலையிடத்தில் சனிக்கிழமை மேலதிக வேலைக்கு நான் நிற்காததைக் கண்டு கிண்ணியாக்காரரான என் கூட்டாளி விசாரித்தார். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஊட்டுக் கதய வெளிய சொல்லணுமெண்டா மூதூர் லோஞ்சில ஏறிச் சொல்லுங்க ஐயா. இஞ்சின் சத்தத்தில அல்லாவுக்கு மட்டுந்தான் கேக்கும்."

நான் சிரித்தேன். படித்தவன் என்ற நினைப்பில், இது வேறு, இதற்கு ஒரு முறை இருக்கிறது என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். "உங்களுக்கு நல்லாகினா எனக்கும் சந்தோசந்தான்" என்றார்.

சனிக்கிழமைகள் போயின. அந்தப் பெண் கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. தடுமாறுவாள். மனைவியை ஒரு கேள்வி கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். ஆனால் பொறுமை இருந்தது. மகளைக் கதைக்கச் சொல்லி ஒருநாளும் நெருக்கவில்லை. எங்கே இருக்க விருப்பமோ அங்கே கதிரையைப் போடு என்றாள். மகள் கதவடிக்கு இழுத்துப் போட்டாள். அடுத்த கிழமைகளில் அந்தக் கதிரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. கதை இறுகும் நேரம் பார்த்து அந்தப் பெண் எழும்புவாள். "தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று வெளியே போவாள். திரும்பி வரும்போது வேறு ஆளாக வருவாள். குரல் நிமிர்ந்திருக்கும். கேள்வி நேராக வந்து குத்தும். வீட்டில் மனைவி மெசினிடம் சொன்னாள்:

"அந்தப் பிள்ளைக்குச் சலரோகமோ தெரியேல்லை. இந்த வயசில இவ்வளவு தண்ணி."

பத்திரிகைக்குப் பின்னால் நான் சிரித்ததை அவள் கண்டிருக்க வேண்டும். மெசின் மெதுவாக ஓடியது.

அப்படித் தண்ணி குடித்துவிட்டு வந்த ஒரு நாள்தான் அவள் மகளைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அம்மா உன்னட்டத் தாற சொல்லு, அப்பாவிட்டப் போய்ச் சேரேக்குள்ள அதே சொல்லாத்தான் இருக்குமோ?"

யன்னலுக்கு வெளியே யாரோ வள்ளத்தை மணலில் இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மகள் வாயைத் திறந்தாள்.

"இல்லை மிஸ்."

என் மனைவியின் கை என் கதிரையின் கையைப் பிடித்தது. தெரியாமல்தான் பிடித்திருப்பாள்.

"அம்மா சொல்லுவா, வேணுமெண்டால் வந்து தின்னட்டும் எண்டு. நான் போய், அப்பா, ஆறிப்போகுது, அம்மா வரட்டாம் எண்டு சொல்லுவன். அப்பா சொல்லுவார், அவவுக்கு என்ன, தான் நினைச்சதைச் செய்யட்டும் எண்டு. நான் அம்மாவிட்ட, உங்கட விருப்பம்தானாம் எண்டு சொல்லுவன். எல்லாத்தையும் கொஞ்சம் நல்லாக்கித்தான் கொண்டுபோறனான். ரெண்டு பேருக்கும் நடுவில நிண்டு களைச்சுப் போனன் மிஸ். எனக்கு இனிப் பொய் சொல்ல ஏலாது. அதுதான் கதைக்கிறேல்லை."

நான் அழுதேன். வெட்கமில்லாமல், சத்தம் வைத்து அழுதேன். அந்த வருடங்களில் மனைவியிடமிருந்து எனக்கு வந்த ஒவ்வொரு இதமான வார்த்தையும் இந்தப் பிள்ளை செய்தது. சாப்பிடக் கூப்பிட்டது, காய்ச்சல் என்றபோது குடிக்கக் கொத்தமல்லி அவிக்கட்டுமா என்று கேட்டது, எல்லாம். கொத்தமல்லியாவது உண்மையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அந்தக் கிழமை ஒரு பின்னேரம் மகள் தேநீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "சூடு" என்றாள். ஒரே ஒரு சொல். குசினி வாசலில் நின்ற மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நான் அந்தத் தேநீரை வாய் வேகக் குடித்தேன்.

அதற்கு இரண்டொரு நாளில் எல்லாம் போனது. பள்ளிக்கூடத்தால் வந்தவள் சீருடையை மாற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சாப்பிடவில்லை. சனிக்கிழமை மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. மகள் வகுப்பிலும் கதைப்பதில்லையாம். கேள்வி கேட்டால் எழும்பி நிற்கிறாளாம், அவ்வளவுதானாம். வகுப்பு ரீச்சர் என்னை வந்து சந்திக்கச் சொன்னாராம்.

நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வகுப்பு ரீச்சர் நல்ல மனுசி. ஊரில் மதிப்பானவர். கோயில் திருவிழாவில் என் மனைவியோடு நின்று கதைப்பவர். விறாந்தையில் என்னை நிறுத்திக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஐயா கவலைப்படாதேங்கோ. நான் பிள்ளையை நல்லாக் கவனிக்கிறன். ரெண்டு பேருக்கும் நடுவில நிண்டு களைச்சுப் போனன் எண்டு அவ சொல்லேக்க எனக்கும் கண்ணால தண்ணி வந்திட்டுது. போன கிழமை கூப்பிட்டுச் சொன்னனான், நீ பெரிய கெட்டிக்காரி அம்மா, வீட்டில சண்டை வராமல் நீதானே இவ்வளவு காலமும் பாத்தனி எண்டு. அதுக்குப் பிறகுதான் ஒரு மாதிரி..."

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த வார்த்தைகள் எனக்குத் தெரிந்த வார்த்தைகள். ஆனால் அவை இந்த வாயிலிருந்து வரக்கூடாது.

"ரீச்சர், இது உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் முகம் மாறியது. கையிலிருந்த வெண்கட்டியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஏன், உங்களுக்குத் தெரியாதே? நானும் அந்தப் பயிற்சியில இருக்கிறனான். தட்டிக்கு அங்கால இருந்து கேக்கிறது எங்களுக்குப் பாடம். நீங்கள் ஓம் எண்டு சொன்னதெண்டுதான் நான் நினைச்சனான்."

அங்கிருந்து எப்படி மண்டபத்துக்குப் போனேன் என்று நினைவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே ஒருவரும் இல்லை. நான் எங்கள் அறைக்குள் போகாமல் பக்கத்துக் கதவால் தட்டிக்கு அந்தப் பக்கம் போனேன்.

பழைய கதிரைகள் கிடந்தன. அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவை குவித்துப் போடப்பட்டவை அல்ல. தட்டியைப் பார்த்தபடி இரண்டு வரிசையாகப் போட்டிருந்தார்கள். வெளிச்சம் வராமல் இருக்க யன்னலில் கறுப்புத் துணி. ஒரு மூலையில் முக்காலியில் மண்பானையும் குவளையும். தண்ணி அங்கேதான் இருந்தது. அவள் இங்கே வந்துதான் குடித்திருக்கிறாள். அந்த நேரான கேள்விகளை இங்கேயிருந்துதான் கொண்டுவந்திருக்கிறாள். என் பிள்ளையின் வாயைத் திறந்த அந்தக் கேள்வி, நான் முகம் பார்த்திராத ஒரு மனிதர் இந்த இருட்டில் இருந்து சொல்லிக் கொடுத்தது.

முன் வரிசையில் ஒரு கதிரையில் இருந்து பார்த்தேன். பிரம்புப் பின்னலுக்குள்ளால் எங்கள் அறை முழுக்கத் தெரிந்தது. வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு இந்தப் பக்கம் தெரியாது, இங்கே இருந்தவர்களுக்கு அந்தப் பக்கம் பளிச்சென்று தெரியும். சனிக்கிழமைகளில் நான் இருந்த கதிரை நேர் எதிரே இருந்தது. நான் அழுததை முன்னுக்கிருந்து பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் பின்னேரம் வந்தாள். என்னை அந்தக் கதிரையில் கண்டதும் கையிலிருந்த புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஐயா..."

"ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனீங்கள்."

"அப்பிடித்தான் சொல்லச் சொன்னவை. முன்னமே சொன்னால் நீங்கள் இயல்பாக் கதைக்கமாட்டியள், நடிப்பியள் எண்டு டொக்டர் சொன்னவர். நான் பிழை விடாமல் இருக்கத்தான் ஐயா அவர் பாக்கிறவர். நான் ஒரு பிழை விட்டால் உங்கட குடும்பம் எல்லோ உடையும்."

"பிழை விடாமல் பாக்கிறதை நான் பிழை எண்டு சொல்லேல்லை. அவர் இருக்கட்டும். என்னைக் கேட்டிருந்தால் நான் ஓம் எண்டிருப்பன். பிள்ளையின்ர ரீச்சர் ஏன் இருந்தவ?"

அவள் அழத் தொடங்கினாள்.

"அவ முதல் நாளே டொக்டரிட்டச் சொன்னவ, இது என்ர வகுப்புப் பிள்ளை எண்டு. தான் எழும்பிப் போகட்டோ எண்டும் கேட்டவ. அவர்தான், இல்லை, இருங்கோ, பள்ளிக்கூடத்திலயும் ஒரு கண் இருந்தால் நல்லம் எண்டவர். எனக்கு அது சரியாப் படேல்லை. ஆனா நான் படிக்கிறனான். எப்பிடி எதிர்த்துக் கதைக்கிறது?"

அது உண்மை என்றே நினைக்கிறேன். அது எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. சரியாகப் படவில்லை என்று தெரிந்துகொண்டு அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் மகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். கதிரையை உள்ளே இழுத்துவரும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறாள்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. மகள் அறைக்குள் படுத்திருந்தாள். நான் தையல் மெசினுக்கு முன்னால் போய் நின்றேன். மனைவி நிமிர்ந்தாள்.

"தட்டிக்கு அங்கால ஆக்கள் இருந்திருக்கினம்" என்றேன். "எல்லாத்தையும் கேட்டிருக்கினம். வகுப்பு ரீச்சரும்."

அவள் நூலை அறுத்தாள். எழும்பிச் சேலையைச் சரிசெய்தாள். அடுத்த முறை அந்த மனிதர் ஊருக்கு வந்த அன்று நாங்கள் இருவரும் ஒன்றாகப் போனோம்.

அவர் எங்களைக் கண்டு எழும்பிக் கதிரை தந்தார். மென்மையான மனிதர். வெள்ளைச் சட்டை, குரலை உயர்த்தாத பேச்சு. நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். அவ்வளவு நன்றாகக் கேட்கத் தெரிந்த ஒருவரை நான் அதற்குமுன் கண்டதில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்கட கவலை எனக்கு விளங்குது. ஆனா ஒரு இடத்திலயும் உங்கட பேர் சொல்லப்படேல்லை. எங்களுக்குள்ள நாலாம் குடும்பம் எண்டுதான் சொல்றது. இது உலகம் முழுக்க நடக்கிற முறை."

மனைவி முதன்முறையாக வாய் திறந்தாள்.

"இஞ்ச சந்தையில நிண்டு இருமினால் ஆரின்ர பெண்சாதி எண்டு சொல்லுவினம் ஐயா. நீங்கள் நம்பரைப் போட்டு மறைச்சனீங்களாம்."

"வகுப்பு ரீச்சர் பிள்ளையோட அதைக் கதைச்சது தவறு. அவவிட்ட நான் சொல்லியிருக்கிறன்."

"அவவை ஏன் சொல்லுறியள்? அவ எழும்பிப் போறன் எண்டவவாம். இருத்தினது நீங்கள்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"ஒண்டைக் கவனிச்சனீங்களோ? ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கிறியள். ஒருவருக்காக மற்றவர் கதைக்கிறியள். நடுவில பிள்ளை இல்லை. நாங்கள் எதிர்பாத்த மாற்றம் இதுதான்."

எங்கள் கோபத்தையும் அவர் தன் பாடத்துக்குள் எடுத்துவிட்டார். அடுத்த வகுப்பில் இதையும் சொல்வார். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

"வாங்கோ. போவம்."

என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். வீதியில் இறங்கி நெடுந்தூரம் நடந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. துறைமுகப் பக்கமிருந்து காற்று அடித்தது. நேராகக் கதைக்கும் பழக்கம் எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. எப்படிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. புதிதாகக் கல்யாணம் கட்டிய இருவர் போல மரியாதையாக, துண்டு துண்டாகக் கதைத்தோம்.

"பாண் வாங்க வேணும்."

"ஓம். வாங்குவம்."

"அவளுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"தெரியேல்லை."

வீட்டுக்கு வந்து மகளின் கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் இருந்து எல்லாவற்றையும் சொன்னோம். எங்களுக்கும் தெரியாது என்று சொன்னோம். ஏமாற்றப்பட்டது நாங்களும்தான் என்று சொன்னோம். அவள் கேட்டாள், அது தெரிந்தது. ஆனால் நான், "அப்பாவை நம்பு பிள்ளை" என்றதும் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டாள். பொறுப்பு என்று சொன்னது நான்தான். அவளுக்கு அந்த மண்டபத்தையோ அந்த டொக்டரையோ தெரியாது. என்னைத் தெரியும். என் சொல்லை நம்பித்தான் அந்தக் கதிரையைக் கதவடியிலிருந்து உள்ளே இழுத்தாள்.

அதன்பின் நாங்கள் இருவரும் வீட்டில் நேராகவே கதைத்தோம். மண்ணெண்ணெய், அரிசி, கோயில், எல்லாம். அவள் கேட்கட்டும் என்று சில நேரம் வேண்டுமென்றே உரத்தும் கதைத்தோம். அவளுக்கு அது தேவையாயிருந்த காலம் போய்விட்டது. எங்கள் இருவருக்கும் நடுவால் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போவாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பயிற்சியை இடையில் விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாசல் கதிரையில் இருந்தேன். அவளை நேராகக் கண்டேன். அவளும் என்னைக் கண்டாள். எழும்ப எனக்கு மனம் வரவில்லை.

கிணற்றடியில் நின்ற மகள்தான் ஈரக் கையோடு படலைக்குப் போனாள்.

"தங்கச்சி," என்றாள் அந்தப் பெண். "மன்னிப்புக் கேக்க வந்தனான். அப்பாவிட்டச் சொல்லுவீங்களோ?"

மகள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு எங்கள் வளவில் மாதக்கணக்காகக் கேட்காத அந்தக் குரல் கேட்டது. தெளிவாக இருந்தது.

"நான் ஒண்டும் கொண்டுபோய்ச் சொல்லமாட்டன் மிஸ். அவர் அந்தா இருக்கிறார். நீங்களே சொல்லுங்கோ."

படலையைத் திறக்கவில்லை. விலகி நின்றாள், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு வேறு வழியில்லை. வேலிக்கு மேலால், முற்றத்துக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குக் கேட்கும்படி உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயா, நான் செய்தது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"கேட்டுது," என்றேன். "நீங்கள் போங்கோ."

அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள். மகள் திரும்பி வந்தாள். என்னைக் கடந்து போகும்போது நான், "பிள்ளை" என்றேன். அவள் நின்றாள்.

"உங்களை நம்பினதுதான் அப்பா எனக்குக் கஷ்டமா இருக்கு," என்றாள். குரலில் கோபம் இல்லை. அதை இதமாக்கவும் இல்லை.

கிணற்றடிக்குப் போய், பாதியில் விட்ட வாளியை மறுபடி இறக்கினாள்.